ஓடிப்போனவன் தலையில் ஒரு கட்டு: ‘தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்’ நாவலை எந்தப் பதிப்பில், எப்படி வாசிப்பது?

அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீஃபன் கிரேன் எழுதிய ‘தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்’ நாவலைப் பெரும்பாலும் ஒரே வரியில் அறிமுகப்படுத்திவிடுகிறார்கள்: போருக்குப் பயந்து ஓடிய பையன் மறுநாளே கொடி பிடித்து வீரனாகிறான். கதைச்சுருக்கம் என்ற அளவில் இதில் பிழையில்லை. ஆனால் இந்த வரியை நம்பிப் புத்தகத்தைத் திறப்பவர்கள் பாதியில் சலித்துப்போகிறார்கள். அல்லது கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு, ‘இவன் உண்மையில் வளர்ந்தானா, இல்லை வளர்ந்ததாக நினைத்துக்கொள்கிறானா?’ என்று விழிக்கிறார்கள். கிரேன் வேண்டுமென்றே அந்தச் சந்தேகத்தை விட்டுவைத்திருக்கிறார். போதாக்குறைக்கு, கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்பதைப் பொறுத்து விடையும் கொஞ்சம் மாறும்.

அடிப்படை விவரங்களை முதலில் சொல்லிவிடலாம். களம் அமெரிக்க உள்நாட்டுப் போர். ஹென்றி ஃப்ளெமிங் ஒரு பண்ணை வீட்டுப் பையன். அம்மா வேண்டாமென்று தடுத்தும் கேட்காமல் வடக்குப் படையில் சேர்கிறான். அவனுடைய 304ஆவது நியூயார்க் ரெஜிமென்ட் கற்பனை. நாவலில் போருக்குப் பெயர் கிடையாது. 1863 மே மாதம் வர்ஜீனியாவில் நடந்த சான்சலர்ஸ்வில் போர்தான் அது என்பதைக் கிரேனே பின்னால் எழுதிய ஒரு சிறுகதையில் காட்டிக்கொடுக்கிறார். அவர் பிறந்தது 1871இல். போர் முடிந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு. இதை எழுதும்போது அவர் எந்தப் போர்க்களத்தையும் கண்ணால் பார்த்ததில்லை, வயதும் இருபதுகளின் தொடக்கம்தான். 24 குட்டி அத்தியாயங்கள், ஐம்பதாயிரம் சொற்களுக்குள் முடிந்துவிடும். இரண்டு மூன்று நாள் மாலையில் வாசித்துவிடக்கூடிய அளவுதான்.

முதல் அத்தியாயத்தில் அம்மா விடைகொடுக்கும் இடத்தை வேகமாகத் தாண்டிவிடாதீர்கள். ஹென்றி கண்ணீர், வீரவசனம் என்று எதையோ எதிர்பார்த்து நிற்கிறான். அவளோ உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே பேசுகிறாள். எட்டு ஜோடி காலுறை பின்னி வைத்திருக்கிறாள். ஓட்டை விழுந்தால் உடனே அனுப்பு, தைத்துத் தருகிறேன் என்கிறாள். நடுவில் இரண்டு விஷயம் சொல்கிறாள். ஒன்று, அத்தனை பெரிய கூட்டத்தில் நீ ஒரு சின்னப் பயல், முழுப்படையையும் நீயே ஜெயித்துவிடலாம் என்று நினைக்காதே. இரண்டு, சாவதா, இல்லை ஒரு ஈனக் காரியம் செய்வதா என்ற நிலை வந்தால் எது சரியோ அதை மட்டும் நினை. ஹென்றி பொறுமையில்லாமல் கேட்டுவிட்டுக் கிளம்புகிறான். அவன் வளர்ந்தானா என்பதை அளக்க நாவலுக்குள் இருக்கும் ஒரே அளவுகோல் இந்த இரண்டு வாக்கியங்கள்தான் என்பது என் வாதம். கொடியும் பாராட்டும் அப்புறம்.

பயத்தை எழுதிய விதத்துக்காகவே இந்த நாவலை வாங்கலாம். முதல் நான்கு அத்தியாயங்களில் சண்டையே கிடையாது, காத்திருப்பு மட்டும்தான். நான் ஓடுவேனா, மாட்டேனா என்று கணக்குப் போட்டு நிரூபிக்கப் பார்க்கிறான் ஹென்றி. விடை வருவதில்லை, ஏனென்றால் தன்னைப் பற்றியே அவனுக்கு எதுவும் தெரியாது. பக்கத்திலிருக்கும் சக சிப்பாய் ஜிம் காங்க்லினிடம் சுற்றிவளைத்துக் கேட்கிறான். எல்லோரும் ஓடினால் நானும் ஓடுவேன், எல்லோரும் நின்றால் நானும் நிற்பேன் என்று ஜிம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறான். பயத்தைப் பற்றி இந்த நாவலில் யாரும் இதைவிட நேர்மையாகப் பேசுவதில்லை. பேசியவனுக்கே அதன் அருமை தெரியாது என்பதுதான் அழகு.

அடுத்து 5, 6 அத்தியாயங்களை ஒரே மூச்சில் வாசியுங்கள். அதற்குமுன் அந்தக் காலத் துப்பாக்கியைப் பற்றி ஒரு விவரம் தெரிந்திருந்தால் நல்லது. ஒவ்வொரு குண்டுக்கும் காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்து, மருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டி, குண்டைப் போட்டு, நீண்ட இரும்புக் குச்சியால் இடித்து இறக்கி, விசைப் பக்கம் பொறி எழுப்பும் ஒரு சின்ன உலோகத் தொப்பியைச் செருகிய பிறகுதான் சுடமுடியும். நன்றாகப் பழகியவனுக்கே நிமிடத்துக்கு மூன்று முறை. முதல் தாக்குதலில் ஹென்றி ஓடாமல் நின்றதற்கு இந்த வேலைதான் காரணம். கைக்கு இடைவிடாத வேலை இருந்தது, அதில் ‘நான்’ என்ற நினைப்பு கரைந்துபோனது. பெட்டிமேல் பெட்டியாகச் செய்து பழகிய தச்சனைப் போல அவன் இயங்குகிறான் என்று கிரேன் எழுதுகிறார். அங்கே தைரியம் எதுவும் இல்லை, பழக்கம் மட்டும்தான் இருந்தது.

அவன் ஓடுவது இரண்டாவது தாக்குதலில். ஏன் அப்போது? முதல் தாக்குதல் முடிந்ததும், ‘அப்பாடா, பெரிய சோதனையைத் தாண்டிவிட்டேன்’ என்று தன்னையே மெச்சிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உடம்பு தளர்ந்தது, கை நடுங்குகிறது. எதிரி இவ்வளவு சீக்கிரம் திரும்பி வருவான் என்று எதிர்பார்க்கவேயில்லை. பக்கத்தில் ஒருவன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடுகிறான், இன்னொருவனும் ஓடுகிறான், இவனும் ஓடுகிறான். ஜிம் சொன்ன சூத்திரம் அப்படியே நடக்கிறது. பயம் முதல் அடியில் வீழ்த்துவதில்லை, நிம்மதி வந்த பிறகுதான் வீழ்த்துகிறது என்பதை இத்தனை துல்லியமாகப் பிடித்தவர்கள் குறைவு.

ஏழாவது அத்தியாயத்தில், அவன் ஓடிவந்த பிறகும் படை அதே இடத்தில் நின்று தாக்குதலை முறியடித்துவிட்டது என்று தெரியவருகிறது. இனி அவனுக்கு ஒரு நியாயம் வேண்டும். காட்டுக்குள் ஓர் அணிலின்மேல் பைன் காயை எறிகிறான், அணில் ஓடுகிறது. ஆகா, ஆபத்து வந்தால் ஓடுவதுதான் இயற்கையின் சட்டம் என்று திருப்திப்படுகிறான். நான்கைந்து அடி போவதற்குள் ஒரு சிறு விலங்கு சதுப்புநீரில் பாய்ந்து மின்னும் மீனைக் கவ்விக்கொண்டு வருகிறது. இன்னும் கொஞ்சம் உள்ளே, மரங்கள் கோயில்போல் கவிந்த இடத்தில், சாய்ந்து உட்கார்ந்த நிலையில் ஒரு பிணம். முகத்தில் எறும்பு ஊர்கிறது. அவன் கட்டிய வாதத்தைக் கதையே உடனுக்குடன் உடைத்துப்போடுகிறது. இந்த வரிசையைக் கவனிக்காவிட்டால் ஹென்றியின் சாக்குகளை ஆசிரியரின் கருத்து என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. தேர்வுக் கட்டுரைகளில் மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடமும் இதுதான்.

நாவலின் நெஞ்சு 8 முதல் 13 வரை. காயம்பட்டவர்கள் வரிசையாகப் பின்வாங்கி நடக்கிறார்கள், ஹென்றியும் அதில் கலந்துகொள்கிறான். கந்தலாடைக்காரன் ஒருவன், தலையிலும் கையிலும் காயம், மிகுந்த பரிவோடு கேட்கிறான்: “உனக்கு எங்கே அடிபட்டது?” நாவலில் ஹென்றியை நிஜமாகவே துளைப்பது இந்தக் கேள்விதான். தனக்கும் ஒரு காயம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்குகிறான். தலைப்பிலுள்ள ‘சிவப்புப் பதக்கம்’ அந்த ஏக்கத்தில் பிறந்தது. இதே வரிசையில்தான் ஜிம் காங்க்லின் நின்ற நிலையிலேயே சாகிறான். சாவதற்குமுன் அவனுக்கிருந்த பயம் சாவைப் பற்றியதல்ல, பாதையில் விழுந்தால் பீரங்கி வண்டிகள் ஏறிவிடுமே என்பதுதான். ஜிம் சாகும் 9ஆம் அத்தியாயத்தின் கடைசி வரியைப் பற்றி விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட அடுத்த அத்தியாயம் முக்கியம்.

அங்கே கந்தலாடைக்காரன் நினைவு தடுமாறத் தொடங்குகிறான். ஹென்றியை வேறு யாரோ என்று நினைத்துப் பெயர் மாற்றிக் கூப்பிடுகிறான். அந்த நிலையிலும் உன் காயத்தைக் கவனி என்றே வற்புறுத்துகிறான். மறுபடி அதே கேள்வி வருமே என்று அஞ்சி, அவனை வயலில் தன்னந்தனியாக அலையவிட்டுவிட்டு ஹென்றி நழுவுகிறான். போரிலிருந்து ஓடியது உடம்பின் பயம், அதை மன்னித்துவிடலாம். இது தெளிந்த மனதோடு செய்தது. அம்மா சொன்ன ஈனக் காரியம் இதுதான்.

அதன்பிறகு அவனுக்குக் காயமும் கிடைக்கிறது, அதுவும் வேடிக்கையான வழியில். சிதறி ஓடும் சொந்தப் படைக்காரன் ஒருவனின் கையைப் பிடித்து ஹென்றி ஏதோ கேட்கிறான். விடச் சொல்லியும் விடவில்லை. அவன் துப்பாக்கியாலேயே தலையில் ஒன்று போட்டுவிட்டுப் போகிறான். இரவில் முகம் தெரியாத ஒருவன் கலகலவெனப் பேசிக்கொண்டே ஹென்றியைச் சொந்த ரெஜிமென்ட்டில் கொண்டுவந்து சேர்க்கிறான். ‘குண்டு உரசிவிட்டது’ என்று ஹென்றி பொய் சொல்கிறான். காயத்தைப் பார்த்த கார்ப்பரல், யாரோ தடியால் அடித்ததுபோல் வீங்கியிருக்கிறது என்கிறான். உண்மை அவன் வாயில் வந்துவிட்டது, அவனுக்குத்தான் தெரியவில்லை. தலையில் கட்டுப் போட்டு, தன் போர்வையையும் கொடுத்துப் படுக்கவைப்பவன் வில்சன்; நேற்றுவரை வாய்ச்சவடால் அடித்துக்கொண்டிருந்தவன்.

வில்சன் போருக்குமுன் அழுதபடி, வீட்டுக்குச் சேர்க்கவேண்டிய ஒரு கடிதக் கட்டை ஹென்றியிடம் கொடுத்திருந்தான். அது இப்போது ஹென்றியின் பையில் ஆயுதமாகக் கிடக்கிறது. ஹென்றி ஓடிப்போன கதையை வில்சன் கிளறினால் இதை எடுத்துக் காட்டி வாயடைத்துவிடலாம். வில்சன் கிளறவில்லை, கூச்சத்தோடு கடிதங்களைத் திருப்பிக் கேட்கிறான். ஹென்றி கொடுத்துவிட்டு, தன் பெருந்தன்மையை நினைத்துத் தானே மகிழ்கிறான். இருட்டில் செய்த தவறு யாருக்கும் தெரியாததால் நான் இன்னும் ஆண்மகன்தான் என்ற ரீதியில் அவன் எண்ணம் ஓடுகிறது. கிரேன் இதை முகத்தில் சிரிப்பே காட்டாமல் எழுதுகிறார். 15ஆம் அத்தியாயத்தை ஹென்றியின் முன்னேற்றமாகப் படிக்கும் விமர்சனங்களைக் கண்டால் நம்பாதீர்கள்.

வளர்ச்சி தொடங்கும் இடம் எது? பலரும் 17ஐக் காட்டுவார்கள். எதிரி போன பிறகும் வெறிபிடித்துச் சுட்டுக்கொண்டிருக்கிறான், இவனைப்போல் பத்தாயிரம் காட்டுப்பூனை இருந்தால் போரையே முடித்துவிடுவேன் என்று லெப்டினன்ட் புகழ்கிறார். அது வெறும் ஆவேசம், எப்படி நடந்தது என்று அவனுக்கே தெரியாது. நான் 18ஐக் காட்டுவேன். தண்ணீர் தேடிப் போன ஹென்றியும் வில்சனும், ஓர் அதிகாரி தங்கள் ரெஜிமென்ட்டைக் கோவேறு கழுதை ஓட்டுகிறவர்கள் என்று இகழ்வதையும், இவர்களில் பலர் திரும்பமாட்டார்கள் என்பதையும் காதால் கேட்கிறார்கள். திரும்பி வந்து, தாக்கப்போகிறோம் என்ற செய்தியை மட்டும் சொல்கிறார்கள். மற்றதை விழுங்கிவிடுகிறார்கள். பக்கத்தில் ஒருவன் மெல்லிய குரலில் நம்மை விழுங்கிவிடுவார்கள் என்கிறான். இருவரும் மறுக்காமல் தலையசைக்கிறார்கள். பயம் அப்படியே இருக்கிறது, ஆனால் பறைசாற்றத் தோன்றவில்லை, ஓடவும் தோன்றவில்லை. அத்தனை பேரில் நானும் ஒருவன் என்ற அம்மாவின் முதல் வாக்கியம் அவனுக்கு உறைக்கும் முதல் இடம் இதுதான்.

இதோடு சேர்த்துப் படிக்கவேண்டியது 21. கொடியேந்தியவன் சாக, ஹென்றி கொடியைப் பற்றிக்கொண்டு முன்னேறி, மீண்டு வந்தாயிற்று. திரும்பிப் பார்த்தால், காதவழி ஓடியதாக நினைத்த தூரம் நகைக்கத்தக்க அளவு சிறியதாக இருக்கிறது. நேரமும் அப்படியே கொஞ்சம்தான். அதோடு, இன்னும் நூறடி போயிருந்தால் வெற்றி என்று மேலதிகாரியின் வசவு வேறு. தன் வீரத்தை நிஜ அளவில் பார்க்கும் கண் அப்போதுதான் திறக்கிறது.

குறைகள் இல்லாமலில்லை. வில்சன் ஒரே இரவில் சாந்தசொரூபியாகிவிடுவதை நம்ப முடியவில்லை. ஹென்றிக்கு 24 அத்தியாயம் கொடுத்த ஆசிரியர் இவனுக்கு ஒரு பக்கம்கூடக் கொடுக்கவில்லை. 19 முதல் 23 வரை புகை, ஓட்டம், கூச்சல் என்று ஒரே தாளத்தில் போகிறது. உவமைகள் அளவுக்கு மீறுகின்றன. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அடிமைமுறையை ஒட்டி மூண்ட போரைப் பற்றிய நாவலில் அடிமைமுறை பேச்சுக்கே வரவில்லை. முதல் அத்தியாயத்தில் பெட்டிமேல் ஆடிக்கொண்டிருந்த ஒரு கறுப்பின வண்டிக்காரன் வருகிறான். வதந்தி கிளம்பியதும் வீரர்கள் அவனைச் சுற்றியிருந்த இடத்தை விட்டுப் போய்விடுகிறார்கள். நாவலும் அதோடு அவனை விட்டுவிடுகிறது. ஒரு பையனின் மண்டைக்குள் மட்டும் கதையை அடைத்ததன் விலை அது.

வாசிப்பில் இடறும் இடங்கள் இரண்டு. கிரேன் பாத்திரங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். ‘இளைஞன்’ ஹென்றி, ‘நெட்டைச் சிப்பாய்’ ஜிம் காங்க்லின், ‘உரத்த குரல் சிப்பாய்’ வில்சன், பின்பாதியில் இவனே ‘நண்பன்’. இதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். இரண்டாவது, உரையாடல் முழுக்க நாட்டுப்புற அமெரிக்கப் பேச்சு, உச்சரிப்பை அப்படியே எழுத்தில் கொண்டுவந்திருக்கிறார். கரிசல் வழக்கில் எழுதிய கதையை வாய்விட்டுப் படித்தால் பிடிபடுவதுபோல இதுவும் பிடிபட்டுவிடும். கண்ணால் மட்டும் படித்தால் அகராதியில் தேடி ஓய்ந்துபோவீர்கள். லிப்ரிவாக்ஸில் இலவச ஒலிநூல் இருக்கிறது. ஓர் அத்தியாயம் கேட்டுவிட்டு அச்சுக்குத் திரும்பினால் சிக்கல் தீர்ந்துவிடும்.

இனி பதிப்பு. 1894 டிசம்பரில் செய்தித்தாள்களில் வெளியானது வெட்டிச் சுருக்கிய வடிவம். 1895இல் ஆப்பிள்டன் நிறுவனம் நூலாக வெளியிட்டது, இன்று எங்கும் கிடைப்பது பெரும்பாலும் அந்தப் பாடமே (அந்த வாசகமே). ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் 73ஆம் எண் மின்னூலாக இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் கையெழுத்துப் பிரதியில் ஓர் அத்தியாயம் கூடுதலாக இருந்தது. ஹென்றி இயற்கையையும் விதியையும் திட்டித் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளும் பகுதிகளும் ஆங்காங்கே நீண்டிருந்தன. கடைசி அத்தியாயமும் நீளம். இவை அச்சுக்கு முன் வெட்டப்பட்டன. வெட்டச் சொன்னது பதிப்பாசிரியர் ரிப்லி ஹிட்ச்காக் என்று வாதிட்ட ஆய்வாளர் ஹென்றி பைண்டர், கையெழுத்துப் பிரதியை ஒட்டிய பாடத்தை 1982இல் நார்ட்டன் நிறுவனம் வழியாகத் தனிநூலாகக் கொண்டுவந்தார். டொனால்ட் பைசர் போன்ற ஆய்வாளர்கள் ஆப்பிள்டன் பாடமே கிரேனின் இறுதி விருப்பம் என்று மறுக்கிறார்கள்.

இந்தச் சண்டை நமக்கு ஏன்? பைண்டர் பாடத்தில் ஹென்றி கடைசிவரை தன்னை ஏமாற்றிக்கொள்பவனாகத் தெரிகிறான். 1895 பாடத்தில் அந்தப் பிதற்றல்கள் குறைந்திருப்பதால் அவன் பக்குவப்பட்டவனாகத் தோன்ற வாய்ப்பு அதிகம். முதல் வாசிப்புக்கு 1895 பாடமே நல்லது, இறுக்கமாக இருக்கும். கல்லூரிப் படிப்புக்காக வாசிப்பவர்கள் பைசர் தொகுத்த நார்ட்டன் கிரிட்டிகல் பதிப்பை நூலகத்தில் தேடலாம். மலிவு விலையில் பழைய பிரதி வாங்கினால், சிறுவர்களுக்காகச் சுருக்கியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 24 அத்தியாயம் இருக்கவேண்டும்; முதல் வாக்கியத்திலேயே குளிர் தயங்கித் தயங்கி நிலத்தைவிட்டு நீங்கி, விலகும் மூடுபனிக்கிடையே குன்றுகளில் படுத்திருக்கும் படை தெரியவேண்டும். ஜான் ஹூஸ்டன் 1951இல் எடுத்த படத்தை நாவலுக்குப் பதிலாகப் பார்த்துவிடாதீர்கள். அதில் ஹென்றி நண்பனிடம் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறான். நாவலில் அது நடக்கவேயில்லை.

கடைசி அத்தியாயத்தில் வெற்றிக் களிப்போடு அணிவகுத்து நடக்கும்போது கந்தலாடைக்காரனின் நினைவு அவனைத் துரத்துகிறது. முகம் சுருங்குகிறது, பக்கத்திலிருப்பவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று பதறுகிறான். பிறகு அந்தப் பாவத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கும் பலம் வந்துவிடுகிறது. அவன் இப்போது ஆண்மகன் என்று அறிவிக்கிறது நாவல். தள்ளி வைப்பது வேறு, ஏற்றுக்கொள்வது வேறு. கிரேன் எழுதியிருப்பது முன்னதை மட்டுமே. அம்மாவின் முதல் வாக்கியத்தில் ஹென்றி தேறிவிட்டான், இரண்டாவதில் பாக்கி இருக்கிறது என்பதே என் கணக்கு.

அந்தப் பாக்கியில் ஒரு பகுதியைக் கிரேனே 1896இல் ‘தி வெட்டரன்’ என்ற சிறுகதையில் தீர்க்கிறார். கிழவனான ஹென்றி, மளிகைக்கடையில் ஊர்க்காரர்கள் நடுவே, பேரனும் கேட்டுக்கொண்டிருக்க, முதல் சண்டையில் பயந்து ஓடியதைச் சிரித்தபடி சொல்கிறான். சான்சலர்ஸ்வில் என்ற பெயர் வருவதும் அங்கேதான். பேரன் வெட்கத்தில் குன்றிப்போகிறான். பேரனின் பெயர் ஜிம். கந்தலாடைக்காரனைப் பற்றி அப்போதும் பேச்சில்லை. சில பக்கங்களே உள்ள கதை, நாவலை முடித்த அதே நாளில் படித்துவிடலாம். இரண்டும் சேர்ந்த தொகுப்பு கிடைத்தால், விலை சற்றுக் கூடினாலும் அதையே வாங்குங்கள்.